பிரிஸ்டலின் ஸ்டாப் மோஷன் திறமை: ஒரு நிறுவனத்தின் வரலாறா, ஒரு வட்டாரத்தின் வரலாறா?

செம்மண்பொம்மை கேட்டது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். அனிமேஷன் முதுகலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். ஒரு வட்டாரத்தில் ஸ்டாப் மோஷன் கலைஞர்கள், அதாவது பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் ஒரு சட்டகமாக (ஃபிரேம்) படமெடுப்பவர்கள், எப்படி உருவாகிறார்கள், முழுநீளப் படம் எடுக்கும் அளவுக்கு எப்படிப் பெருகுகிறார்கள் என்பதை, இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள பிரிஸ்டல் நகரை முன்வைத்து ஆய்வேடாக எழுதிவருகிறேன். முதல் அத்தியாயத்தைப் படித்த என் நெறியாளர், பிரிஸ்டலின் கதை ஆர்ட்மேன் நிறுவனத்தின் கதைதான் என்றும், வட்டாரம் என்று தனியாக எழுத அங்கே எதுவும் இல்லை என்றும் குறித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் சொல்வதை முற்றாக மறுக்க என்னால் முடியவில்லை. 1972இல் பீட்டர் லார்ட், டேவிட் ஸ்ப்ராக்ஸ்டன் என்ற இரு நண்பர்கள் தொடங்கிய நிறுவனம், 1976இல் பிரிஸ்டலுக்கு வந்து, 2000இல் 'சிக்கன் ரன்' என்ற முழுநீளப் படத்தை வெளியிட்டது; உலகில் மிக அதிகமாக வசூலித்த ஸ்டாப் மோஷன் படம் இன்றளவும் அதுவே. இத்தனை பெரிய மரத்தின் நிழலில் வேறு செடி ஏதும் முளைத்ததா என்று கேட்டால் எனக்கு உடனே விடை தெரியவில்லை. ஆனாலும், ஒரு படத்துக்குத் தேவைப்படும் பொம்மை செய்பவர்கள், செட் அமைப்பவர்கள், ஒளிப்பதிவாளர்கள் ஆகிய அத்தனை பேரையும் ஒரே நிறுவனம் வெற்றிடத்திலிருந்து உருவாக்கியிருக்க முடியும் என்று நம்பவும் மனம் ஒப்பவில்லை.

ஆகவே என் கேள்விகள் இரண்டு. அந்த நிறுவனம் வருவதற்கு முன்பும் அதற்கு வெளியிலும் பிரிஸ்டலில் என்ன இருந்தது? ஒரு முழுநீளப் படம் முடிந்ததும் அதில் உழைத்தவர்கள் எங்கே போகிறார்கள்? துறையில் இருப்பவர்களும் வரலாற்றை அறிந்தவர்களும் விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

ஒளிநாடா எழுதியது:

வணக்கம். உங்கள் நெறியாளரின் கருத்தில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது என் எண்ணம்.

முதலில், அந்த இருவரும் பிரிஸ்டலுக்கு ஏன் வந்தார்கள் என்பதைப் பாருங்கள். பீட்டர் லார்ட் பிரிஸ்டலில் பிறந்தவர்தான். ஆனால் ஸ்ப்ராக்ஸ்டனும் அவரும் பழகியது சர்ரே மாவட்டத்தின் வோக்கிங் நகரில், பள்ளி மாணவர்களாக. வீட்டு மேசையின்மேல் கேமராவை வைத்து அவர்கள் எடுத்த சிறு துண்டுப் படங்களில் ஒன்றை, செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்காக பிபிசி நடத்திய 'விஷன் ஆன்' நிகழ்ச்சி விலைக்கு வாங்கியது. அந்தத் துண்டில் வந்த நாயகனின் பெயர்தான் ஆர்ட்மேன். அது களிமண் பொம்மை கூட அல்ல, தாளில் வரைந்த பாத்திரம். பின்னர் ஓவியர் டோனி ஹார்ட் தோன்றிய 'டேக் ஹார்ட்' நிகழ்ச்சி பிரிஸ்டலிலுள்ள பிபிசி நிலையத்தில் தயாரானது. அதற்காக ஒரு களிமண் பாத்திரம் வேண்டும் என்ற தேவையே அவர்களைப் பிரிஸ்டலில் குடியேறச் செய்தது. 1977இல் பிறந்த 'மார்ஃப்' என்ற அந்தச் சிறு உருவம், ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் தேவைக்குக் கிடைத்த விடை.

ஆக, நிறுவனத்துக்கு முன்பே அங்கு வேலை கொடுக்கும் ஒரு நிலையம் இருந்தது. பிபிசியின் இயற்கை வரலாற்றுப் பிரிவு 1957இலிருந்தே பிரிஸ்டலில் இயங்கிவருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பூ மலர்வதை நாட்கணக்கில் சட்டகம் சட்டகமாகப் பதிவுசெய்யும் பொறுமை கொண்ட ஒளிப்பதிவாளர்களும், அப்படிப்பட்ட படச்சுருளைத் தொகுக்கத் தெரிந்தவர்களும் நடமாடிய நகரம் அது. நேரடியாக இன்னார் இன்னாருக்குக் கற்பித்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த உழைப்பைப் புதுமையாகக் கருதாத ஒரு சூழல் அங்கே இருந்தது என்கிறேன்.

அடுத்து, அந்த நிறுவனத்துக்கு வெளியே பிரிஸ்டலில் இருந்தது என்ன என்பதற்கு என்னால் உறுதியாகச் சொல்லக்கூடிய விடை, போலெக்ஸ்பிரதர்ஸ். டேவ் போர்த்விக், டேவ் அலெக்ஸ் ரிடெட் ஆகியோர் நிறுவிய இந்தச் சிறிய ஸ்டுடியோ, ஆர்ட்மேனின் இனிமைக்கு நேர் எதிரான இருண்ட உலகம் ஒன்றைப் படைத்தது. கட்டைவிரல் அளவுள்ள சிறுவனைப் பற்றிய நாட்டுக்கதையை வைத்து 1993இல் அவர்கள் முடித்த, சுமார் ஒரு மணி நேரம் ஓடும் 'தி சீக்ரெட் அட்வென்ச்சர்ஸ் ஆஃப் டாம் தம்ப்' படத்தில், பொம்மைகளுக்குப் பக்கத்தில் உயிருள்ள நடிகர்களும் பொம்மைகளைப்போலவே சட்டகம் சட்டகமாக அசைக்கப்பட்டார்கள். நடிகர் ஒரு கையை உயர்த்துவதற்கே பல முறை உறைந்து நிற்க வேண்டியிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், பிரிஸ்டல் என்றால் புன்னகைக்கும் களிமண் முகங்கள் மட்டுமே என்று இனி ஒருபோதும் எழுத மாட்டார்கள். இதை எழுதும்போதே அதன் பூச்சிகளும் அழுக்கேறிய சுவர்களும் என் கண்முன் வருகின்றன. பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள்.

இந்த ரிடெட் பின்னாளில் 'சிக்கன் ரன்' படத்தின் ஒளிப்பதிவுக்குத் தலைமை தாங்கினார். போட்டியாளர்களாகத் தோன்றும் இரு ஸ்டுடியோக்களுக்கும் கைகள் பொதுவாக இருந்தன. வட்டாரம் என்று தனியாக எழுத எதுவும் இல்லை என்பவருக்கு இதைக் காட்டலாம்.

---

கம்பிக்கூடு எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு முழுநீளப் படத்தின் பொம்மைப் பிரிவில் ஒப்பந்த ஊழியனாகச் சில மாதங்கள் பணியாற்றியிருக்கிறேன். எந்த நிறுவனம், எந்தப் படம் என்பதைச் சொல்ல விரும்பவில்லை.

முழுநீளப் படம் ஏன் ஒரு வட்டாரத்தையே விழுங்குகிறது என்பதற்குக் கணக்கு ஒன்று போதும். 80 நிமிடப் படம் என்றால் 4,800 வினாடிகள். வினாடிக்கு 24 சட்டகங்கள் வீதம் 1,15,200 சட்டகங்கள். ஒவ்வோர் அசைவையும் இரண்டு சட்டகங்களுக்குப் பிடித்துவைப்பது வழக்கம் என்பதால், பொம்மையைத் தொட்டு நகர்த்த வேண்டிய நிலைகள் 57,600 என்று குறையும். கைதேர்ந்த அனிமேட்டர் ஒருவர் நாள் முழுவதும் உழைத்து இரண்டு வினாடி முடித்தால் அது நல்ல நாள்; ஒளியமைப்பும் ஒத்திகையும் சேர்ந்தால் வாரத்துக்குச் சில வினாடிகளே தேறும். எனவே ஒரே செட்டில் ஒருவர் மட்டும் இருந்தால் படம் முடிய ஆண்டுகள் பல ஆகும். அதனால்தான் கருப்புத் திரைகளால் பிரிக்கப்பட்ட பல செட்டுகளில் பல அனிமேட்டர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள்.

அப்படிச் செய்தால், ஒரே பாத்திரம் ஒரே நாளில் பல செட்டுகளில் நின்றாக வேண்டும். ஆகவே முதன்மைப் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் அச்சு அசலான பிரதிகள் பல தேவைப்படும். ஒவ்வொரு பிரதிக்குள்ளும் ஆர்மச்சர் என்று நாங்கள் சொல்லும் உலோக எலும்புக்கூடு இருக்கும். அதன் மூட்டுகள் மிக இறுக்கமாக இருந்தால் அனிமேட்டரின் விரல் நோகும், தளர்வாக இருந்தால் பொம்மை மதிய உணவு இடைவேளைக்குள் சரிந்துவிடும். ஓர் ஆர்மச்சரின் முழங்காலைச் சரிசெய்ய இரண்டு நாள் செலவிட்டிருக்கிறேன். திரையில் அந்தக் கால் தெரிவது ஒரு நொடிகூட இல்லை. அந்த ஒரு நொடியில் பாத்திரம் தடுமாறாமல் நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த நிறைவை வேறு எந்த வேலையும் தந்ததில்லை.

படம் முடிந்ததும் எங்களில் பெரும்பாலோருக்கு ஒப்பந்தம் முடிந்தது. நான் ஐந்து மாதங்கள் கடைகளின் காட்சி ஜன்னல்களுக்கு உருவங்கள் செய்து கொடுத்து வாழ்ந்தேன். என்னுடன் இருந்தவர்களில் ஒருவர் நாடக மேடைக்குப் போனார்; இன்னொருவர் இத்தொழிலையே விட்டுவிட்டார். அவர் போனபோது அவருடைய சிலிகான் வார்ப்பு முறையும் அவருடனேயே போய்விட்டது. எங்களில் யாரும் அதை எழுதிவைத்திருக்கவில்லை. திறமை ஒரு வட்டாரத்தில் தங்க வேண்டுமானால், பெரிய படங்களுக்கு இடைப்பட்ட வெறுமையை நிரப்பும் சிறிய வேலைகள் அங்கே தொடர்ந்து இருக்க வேண்டும். பிரிஸ்டலுக்கு விளம்பரப் படங்களும், குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர்களும், சேனல் 4 கொடுத்த குறும்பட வாய்ப்புகளும் அந்தத் தொண்டைச் செய்தன. 1989இல் அந்தச் சேனலுக்காக எடுத்த ஐந்து குறும்படங்களில் ஒன்றான 'கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்' 1991இல் ஆஸ்கர் வென்றதைப் பலரும் அறிவார்கள். அதே பாணியில் மின்சார நிறுவனங்களுக்காக எடுத்த விளம்பரங்கள் எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்தன என்பதை யாரும் பேசுவதில்லை. ஆய்வேட்டில் விளம்பரங்களுக்கு ஒரு பகுதி ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

வடதிசை எழுதியது:

பிரிஸ்டலை மட்டும் வைத்து எழுதினால் உங்கள் வாதம் பாதியிலேயே நிற்கும். மான்செஸ்டரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏனென்றால், தாய் நிறுவனம் மூடப்பட்ட பிறகு ஒரு வட்டாரத்தின் திறமை என்ன ஆகிறது என்பதை அங்கேதான் காண முடியும்.

மான்செஸ்டர் கலைக் கல்லூரியில் சந்தித்த பிரையன் காஸ்குரோவும் மார்க் ஹாலும், தேம்ஸ் தொலைக்காட்சியின் ஆதரவில் 1976இல் காஸ்குரோவ் ஹால் ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். நகரின் சார்ல்டன் பகுதியில் அது இருந்தது. அவர்களுடைய முதல் தொடரின் நாயகனான டிராகனுக்கே அந்தப் பகுதியின் பெயரைத்தான் சூட்டினார்கள். 1983இல் அவர்கள் எடுத்த 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' தொலைக்காட்சிப் படத்தின் பொம்மைகளைப் பாருங்கள்: கம்பளித் துணியின் நெசவும், எலியின் மீசையும், தேரையின் தோளில் சரியும் அங்கியும் அத்தனை நுட்பமானவை. அங்கே பொம்மை செய்வது அனிமேஷனுக்குத் துணை வேலையாக இல்லாமல் தனிக் கலையாகவே வளர்ந்தது.

அந்த ஸ்டுடியோ 2009இல் மூடப்பட்டது. ஆனால் அதற்கு வெகு முன்பே, அங்கே பொம்மை செய்து பழகிய இயன் மெக்கினனும் பீட்டர் சாண்டர்ஸும் பக்கத்து ஊரான ஆல்ட்ரிங்கமில் 1992இல் தங்கள் பெயரிலேயே ஒரு பட்டறையை அமைத்திருந்தார்கள். 2005இல் வெளிவந்த 'கார்ப்ஸ் பிரைட்' படத்தின் பொம்மைகள் அங்கேதான் உருவாயின. அவற்றின் தலைக்குள் கடிகாரத்தில் இருப்பதைப்போல் நுண்ணிய பற்சக்கரங்களைப் பொருத்தியிருந்தார்கள். காதிலோ கூந்தலுக்குள்ளோ மறைந்திருக்கும் சிறு துளையில் சாவியைச் செருகித் திருகினால், சிலிகான் தோலுக்கு அடியில் வாயோரம் மெல்ல உயரும். முகத்தை மாற்றாமலேயே புன்னகையை வளர்க்கும் வழி அது. படம் எடுக்கப்பட்டது லண்டனில், பணம் வந்தது அமெரிக்காவிலிருந்து. புன்னகையைச் செய்தவர்கள் ஆல்ட்ரிங்கமில் இருந்தார்கள். 'ஃபென்டாஸ்டிக் மிஸ்டர் ஃபாக்ஸ்' படத்தின் நரிகளும் அதே பட்டறையிலிருந்து வந்தவைதான்.

2022இல் கியர்மோ டெல் டோரோவும் மார்க் குஸ்டாஃப்சனும் இயக்கிய 'பினோக்கியோ' இதைவிடத் தெளிவான சான்று. முதன்மைப் பொம்மைகள் ஆல்ட்ரிங்கமில். படப்பிடிப்பின் பெரும்பகுதி அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லண்டில். ஒரு பகுதி டெல் டோரோவின் சொந்த ஊரான மெக்சிகோவின் குவாடலஹாராவில். குஸ்டாஃப்சன், போர்ட்லண்டில் வில் வின்டன் நடத்திய களிமண் அனிமேஷன் ஸ்டுடியோவில் வளர்ந்தவர். வின்டனின் நிறுவனமே பின்னர் 2005இல் லைக்கா என்ற பெயரில் மறுபிறவி எடுத்து 'கோரலைன்' முதலான படங்களைத் தந்தது. மூன்று வட்டாரங்களில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த கைப்பழக்கம் ஒரே படத்தில் சந்தித்து, 2023இல் ஆஸ்கரும் பெற்றது. வட்டாரம் என்ற ஒன்று இல்லை என்றால், அந்தத் தயாரிப்பாளர்கள் பொம்மைகளை ஏன் கடல் கடந்து ஒரு சிற்றூருக்குச் செய்யக் கொடுத்திருக்க வேண்டும்?

---

செம்மண்பொம்மை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் நூலகத்தில் நான்கு மாதங்கள் தேடியும் கிடைக்காத இணைப்புகள் இவை. கம்பிக்கூடு அவர்களே, சிலிகான் வார்ப்பு முறை எழுதிவைக்கப்படாமல் போனதைப் படித்துவிட்டு வெகு நேரம் வேறு எதிலும் மனம் செல்லவில்லை. தாங்கள் அனுமதித்தால், பெயரும் படமும் குறிப்பிடாமல் அந்தப் பகுதியை ஆய்வேட்டில் எடுத்தாள விரும்புகிறேன்.

ஒரு துணைக்கேள்வி. வெளியூர்ப் பணத்தில் முழுநீளப் படம் எடுக்கும்போது வட்டாரத்தின் தனித்தன்மை கரைந்துவிடாதா? பிரிஸ்டல் படங்களில் அந்த ஊருக்கே உரியது என்று எதைச் சுட்டிக்காட்டலாம்?

---

கம்பிக்கூடு எழுதியது:

தாராளமாக எடுத்தாளுங்கள்.

---

ஒளிநாடா எழுதியது:

தனித்தன்மை பற்றிய கேள்விக்கு என் விடை: குரல். பொம்மையின் தோற்றத்தைக் காட்டிலும் அதன் பேச்சில்தான் இந்த மரபு அடங்கியிருக்கிறது. எழுபதுகளின் இறுதியில் லார்டும் ஸ்ப்ராக்ஸ்டனும் பிபிசிக்காக எடுத்த குறும்படங்களில், உண்மையான மனிதர்கள் உண்மையான இடங்களில் பேசிக்கொண்டதை ஒலிப்பதிவு செய்து, அந்தப் பேச்சுக்குக் களிமண் உருவங்களை நடிக்கவைத்தார்கள். திக்கல், தயக்கம், பாதியில் விட்ட சொல், தொண்டைச் செருமல் எதையும் அவர்கள் வெட்டவில்லை. அனிமேஷன் என்றால் குட்டிக்கரணமும் துரத்தலும் என்று இருந்த காலத்தில், ஒரு முதியவர் பேச வார்த்தை தேடும்போது அவருடைய விரல்கள் என்ன செய்கின்றன என்று கவனித்து அசைத்தார்கள். நான் மிகவும் மதிக்கும் துணிவு அது.

அந்த வழியில் வந்தவர்தான் நிக் பார்க். அவர் பிரிஸ்டல்காரர் அல்லர். லங்காஷயரின் பிரெஸ்டன் நகரத்தவர். திரைப்படக் கல்லூரியில் 1982இல் தொடங்கிய தம் மாணவப் படத்தை முடிக்க முடியாமல் இருந்தவர், 1985இல் ஆர்ட்மேனில் சேர்ந்து, அங்கு வேலை செய்துகொண்டே 1989இல் அதை முடித்தார். வாலஸ் என்ற மனிதரும் குரோமிட் என்ற அவருடைய நாயும் சேர்ந்த இணையின் முதல் படம் அது. வாலஸின் பேச்சில் இருப்பது வடக்கு இங்கிலாந்தின் சாயல். குரோமிட்டோ பேசுவதே இல்லை, புருவத்தால் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆக, "உள்ளூர்த் திறமை" என்று நாம் சொல்வது அந்த மண்ணில் பிறந்தவர்களை மட்டும் குறிக்காது. வந்து, தங்கி, பிறருக்குக் கற்றுக்கொடுத்தவர்களையும் சேர்த்தே குறிக்கும். இதை உங்கள் ஆய்வேட்டின் வரையறைப் பகுதியிலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது.

வெளிப்பணம் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானதே. 'சிக்கன் ரன்' படத்துக்கு அமெரிக்காவின் டிரீம்வொர்க்ஸ் துணைநின்றது. 2005இல் வந்த வாலஸ் குரோமிட் முழுநீளப் படமும் அப்படித்தான், அது ஆஸ்கரும் வென்றது. ஆனால் 2006இல் வந்த கணினி அனிமேஷன் படத்துக்குப் பிறகு, 2007இல் அந்த உறவு முறிந்தது. அதன் பின்னர் வெவ்வேறு கூட்டாளிகளுடன் படங்கள் தொடர்ந்தன. 2018இல் நிறுவனர்கள் இருவரும் தங்கள் நிறுவனத்தைப் பெரும் ஸ்டுடியோ எதற்கும் விற்காமல், பங்குகளில் 75 விழுக்காட்டை ஊழியர்களின் அறக்கட்டளைக்கு மாற்றினார்கள். விற்றிருந்தால், கணக்குப் புத்தகம் வேறு ஊருக்குப் போன சில ஆண்டுகளில் பட்டறையும் போயிருக்கக்கூடும் என்பது என் கருத்து. எனவே வட்டாரத்தின் திறமையைப் பற்றி எழுதும்போது உடைமை யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கலை வரலாற்றில் அதை ஏன் சேர்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், காஸ்குரோவ் ஹாலின் முடிவைக் காட்டுங்கள்.

---

வடதிசை எழுதியது:

ஒரு சிறு யோசனை. படங்களின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியல்களை வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். இயக்குநர்களை விட்டுவிட்டு, ஒளிப்பதிவு, ஆர்மச்சர், வார்ப்பு, செட் ஆகிய பிரிவுகளில் உள்ள பெயர்களை மட்டும் எடுங்கள். ஒரே பெயர் எத்தனை ஸ்டுடியோக்களில், எத்தனை ஊர்களில் வருகிறது என்று பார்த்தால், உங்கள் நெறியாளருக்குக் கொடுக்க வேண்டிய சான்று தானாகவே கிடைக்கும்.

---

செம்மண்பொம்மை எழுதியது:

நேற்று முழுவதும் அதையே செய்தேன். ஒளிப்பதிவாளர் ஃபிராங்க் பாஸிங்ஹாம் என்ற ஒரே ஒரு பெயரைப் பின்தொடர்ந்தேன். 1993இல் போலெக்ஸ்பிரதர்ஸின் அந்த இருண்ட படத்தில் அவர் இருக்கிறார். 2000இல் 'சிக்கன் ரன்' படத்தில், ரிடெட்டின் தலைமையில் இருக்கிறார். 2016இல் ஓரிகனில் லைக்கா எடுத்த 'குபோ அண்ட் தி டூ ஸ்டிரிங்ஸ்' படத்தின் ஒளிப்பதிவாளர் அவரே. 2022இல் வெளிவந்த 'பினோக்கியோ' படத்துக்காக ஆல்ட்ரிங்கமின் பொம்மைகள் போர்ட்லண்டில் நின்றபோது, அவற்றின்மேல் ஒளி பாய்ச்சியவரும் அவரே.

இரண்டு பேர் கூடி நடத்திய சிறிய ஸ்டுடியோவின் படத்தில் தொடங்கிய அந்தப் பெயரை வைத்தே முதல் அத்தியாயத்தை மீண்டும் எழுதத் தொடங்கிவிட்டேன். திங்கட்கிழமை நெறியாளரிடம் கொடுக்கிறேன். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே வந்து தெரிவிப்பேன்.